பிள்ளைப் பாட்டும் நல்லொழுக்கமும்

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு செயலாளர் அன்பர் பணித்தபோது யாம் திகைத்தோம். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கு விடைகொடுத்தவர் யாம். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இரயில்வே அலுவலகத்தில் பதிவேடுகளோடு பழகியதே எம் புலமை. மன்னர்தம் போரையும் மாளிகையையும் எழுதப் பேராசிரியர்கள் உளர். ஆதலின், பலரும் எளிதென்று கடந்துபோகும் சிறியதொரு வரலாற்றை யாம் எடுத்துக்கொண்டோம். சிறு பிள்ளைகளுக்கு நல்லொழுக்கம் சொல்லும் பாட்டுகளின் வரலாறே அது. பொருள் சிறிதாயினும் நம் காலனியின் ஒவ்வொரு வீட்டுத் திண்ணையையும் அது தொடுகின்றது. குற்றம் காணின் அறிஞர்கள் பொறுத்தருள்க.

இதனை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி எம் இல்லத்திலேயே நடந்தது. அதனை மறைக்காமல் முதலிற் கூறிவிடுகின்றோம்.

சென்ற ஆண்டு எம் தந்தையார் அம்பாசமுத்திரத்திலிருந்து எம்மைக் காண வந்தார். அண்டை வீட்டு நண்பர்கள் இருவர் அப்போது முன்றிலில் அமர்ந்திருந்தனர். பெட்டியோடு படியேறியவரைக் கண்ட எம் ஆறு வயது மகள், மகிழ்ச்சி பொங்க உள்ளே ஓடி, “அம்மா, தாத்தா வந்தான்!” என்று உரக்கக் கூவினாள். நண்பர்கள் நகைத்தனர். தந்தையார் ஒன்றும் சொல்லாமல் கால் கழுவச் சென்றார். எமக்கோ முகம் சுருங்கிவிட்டது. அனைவர் முன்னிலையிலும் குழந்தையை அதட்டினோம். அதன் பயன் என்ன? தாத்தா ஊர் திரும்பும்வரை ஐந்து நாளும் அவள் தமிழில் ஒரு சொல்லும் பேசவில்லை. கேட்டதற்கெல்லாம் மலையாளத்திலேயே விடை கூறினாள். தாத்தாவுக்கு மலையாளம் தெரியாது. பேத்திக்கோ தமிழ் பேச அச்சம். ஒரே வீட்டில் இருவரும் ஊமையரைப்போல் இருந்தனர்.

பின்னர் எண்ணிப் பார்த்தபோது, குற்றம் குழந்தையினுடையதன்று என்பது விளங்கிற்று. மலையாளத்தில் வினைச்சொல்லுக்குப் பால் காட்டும் ஈறு இல்லை. அரசன் வந்தாலும், அம்மை வந்தாலும், ஆடு வந்தாலும் ‘வந்நு’ என்னும் ஒரு சொல்லே போதும். மரியாதையை அம்மொழி வேறு வழியிற் காட்டும். ‘நீ’ என்று சுட்டாமல், ‘சேட்டன்’ என்றும் ‘சேச்சி’ என்றும் ‘சார்’ என்றும் உறவும் பதவியும் சொல்லி அழைப்பது அங்கு வழக்கம். நம் தமிழிலோ மரியாதை வினையின் வாலில் இருக்கின்றது. வந்தான், வந்தாள், வந்தது, வந்தார் என ஈறு மாறினால் உறவே மாறிவிடும். நெல்லைச் சீமையில் ‘வந்தாக’ என்றும் ‘வந்தாவ’ என்றும் பேச்சில் வழங்கினும் அங்கும் வாலில்தான் மதிப்பு. பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் பயிலும் குழந்தைக்கு இவ்வால் எங்கே கிடைக்கும்?

ஒழுக்கத்தை அதட்டிக் கற்பிப்பதா, சிரிக்கவைத்துக் கற்பிப்பதா என்னும் வினா அன்று எம் நெஞ்சில் எழுந்தது. விடை தேடிச் சென்றபோது, பல நூற்றாண்டுகளாகப் பல நாட்டுப் பெற்றோரும் இதே வினாவை எதிர்கொண்டனர் என்பது தெரியவந்தது.

ஏவலும் விலக்கும்

உண்பது, உடுப்பது, நீராடுவது, பெரியோர்முன் நிற்பது ஆகியவற்றுக்கு முறை வகுத்த பழந்தமிழ் நூல் ஆசாரக்கோவை. பெருவாயின் முள்ளியார் இயற்றிய இந்நூல் பதினெண்கீழ்க்கணக்கினுள் ஒன்று. நூறு வெண்பாக்களை உடையது. கால் கழுவி உண்ணல் வேண்டும். விருந்தினர்க்கும் முதியோர்க்கும் பிள்ளைகளுக்கும் அளித்த பின்னரே உண்ணல் வேண்டும். இனிப்பை முதலிலும் கசப்பை இறுதியிலும் உண்ணல் வேண்டும் என்றெல்லாம் அது கூறுகின்றது. இன்றும் நம் பந்தியில் இலையின் ஓரத்தில் இனிப்பு முதலில் விழுவதைக் காணும்போது முள்ளியாரை நினைக்கத் தோன்றும். ஆயினும் இந்நூல் வளர்ந்தோர்க்கு உரியது. வெண்பாவின் கட்டுக்கோப்பைச் சிறு குழந்தையின் நாக்கு தாங்காது.

குழந்தையின் நாக்கை அறிந்து பாடியவர் ஔவையார். ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் பாடிய ஔவையார், சங்க காலத்து ஔவையாருக்குப் பல நூற்றாண்டு பிற்பட்டவர் என்பது அறிஞர் கொள்கை. ஆத்திசூடியில் ஓர் அடிக்குச் சொற்கள் இரண்டு அல்லது மூன்றே. அடிகள் அகர வரிசையில் அமைந்துள்ளன. எழுத்தைக் கற்கும் குழந்தை அதனோடு ஒழுக்கத்தையும் கற்றது. ஒழுக்கத்தை மனனம் செய்யும் குழந்தை எழுத்தையும் மறவாதிருந்தது. கொன்றைவேந்தனில் அடிகள் சற்றே நீண்டு மோனையும் எதுகையும் கொஞ்சும். இவ்விரு நூல்களும் அச்சுப் பொறி வருமுன்பே வாய்வழியாகவும் ஓலைவழியாகவும் தமிழ்நாட்டுத் திண்ணைகள்தோறும் பரவின. பின்னர் உலகநாதர் 13 பாட்டுகளில் உலகநீதி பாடினார். செய்யத் தகாதவற்றை அடுக்கி, ‘வேண்டாம்’ என்னும் சொல்லால் அடிதோறும் முடிப்பது அவர் முறை. பொருள் தெரியாத பிள்ளைகூட அந்த ‘வேண்டாம்’ வரும் இடத்தில் குரலை உயர்த்திக் கூவும். கூட்டமாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு அதுவே ஒரு விளையாட்டு.

திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதினர். சட்டாம்பிள்ளை முன்னே சொல்ல, மற்றவர் பின்னே சொல்லினர். இம்முறை கடல் கடந்தும் புகழ் பெற்றது. 1789ஆம் ஆண்டு சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிக் கற்பதைக் கண்டு வியந்தார். மூத்த மாணவன் இளைய மாணவனுக்குக் கற்பிக்கும் முறையைத் தம் பள்ளியில் நடத்திப் பார்த்தார். தாய்நாடு திரும்பி 1797இல் அதனை நூலாக எழுதினார். இங்கிலாந்தில் அதற்குச் ‘சென்னை முறை’ என்றே பெயர் வழங்கிற்று. திண்ணையின் பெருமைக்கு இஃது ஒரு சான்று.

எனினும் ஒன்றை மறைத்தல் ஆகாது. இந்நூல்களின் குரல் பெரும்பாலும் ஏவல், அன்றேல் விலக்கு. ‘செய்’ என்பர், ‘செய்யாதே’ என்பர். குழந்தை சிரிப்பதற்கு அவற்றில் இடம் மிகக் குறைவு. படமோ அறவே இல்லை. சிரிப்பெல்லாம் வேறோரிடத்தில் இருந்தது. நிலாவை அழைத்துச் சோறூட்டும் பாட்டு, மடியிலிருத்திச் சாய்ந்தாடும் பாட்டு, கைவீசச் சொல்லும் பாட்டு என அது தாய்மாரின் வாயில் வாழ்ந்தது. ஆசானிடம் ஒழுக்கம், அன்னையிடம் சிரிப்பு என இரண்டும் இரு வேறு வீடுகளிற் குடியிருந்தன. இவை ஒன்றுசேர நெடுங்காலம் ஆயிற்று.

அச்சும் படமும்

கழக்கூட்டத்தில் வண்டியேறி வடக்கே சென்றால் வருவது கொல்லம். நாள்தோறும் அவ்வூர்ப் பெயரை நாம் அறிவிப்பிற் கேட்கின்றோம். தமிழெழுத்து அச்சேறிய வரலாற்றில் அவ்வூருக்குத் தனியிடம் உண்டு என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் 16 பக்கத் தமிழ் நூல் கொல்லத்தில் அச்சிடப்பெற்றது. அதனைத் தமிழில் ஆக்கியவர் அண்டிரிக்கி அடிகளார். இந்திய மொழி எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் அதுவே. சமயம் கற்பிக்க வந்த நூலாயினும், கையடக்கமான தமிழ்ப் புத்தகம் என்னும் பொருள் பிறந்த இடம் நம் இருப்புப்பாதையின் ஓரத்தில் உள்ளது என எண்ணுங்கால் உள்ளம் பூரிக்கின்றது.

ஆனால் புத்தகம் குழந்தையின் கைக்கு வருவது வேறு கதை. ஐரோப்பாவில் கொமேனியசு என்னும் கல்வியறிஞர் 1658இல் படங்களோடு கூடிய பாடநூல் ஒன்றை வெளியிட்டார். பொருளைக் கண்ணால் காட்டிச் சொல்லைக் காதில் ஊட்ட வேண்டும் என்பது அவர் கொள்கை. நம் பக்கத்திலோ, இந்தியர் தாமே தடையின்றி அச்சகம் நடத்தும் உரிமை 1835க்குப் பின்னரே கிட்டியது. அதற்குச் சில ஆண்டுகளில், 1840இல், நாகர்கோவிலிலிருந்து ‘பாலதீபிகை’ என்னும் சிறுவர் இதழ் வெளிவந்தது. தமிழில் முதல் சிறுவர் இதழ் என அதனையே கூறுவர். அந்நாளில் நாகர்கோவில் திருவிதாங்கூர் அரசின் பகுதி. ஆகவே அதுவும் நம் அண்டை வீட்டுச் செய்தியே.

சிரிப்பும் படமும் எதுகையும் ஒழுக்கமும் ஒரே புத்தகத்தில் சேர்ந்த கதையை அறிய ஜெர்மனி நாட்டுக்குச் செல்ல வேண்டும். பிராங்பர்ட் நகரில் ஹென்ரிக் ஹாப்மன் என்னும் மருத்துவர் வாழ்ந்தார். 1844ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் பண்டிகைக்குத் தம் மூன்று வயது மகனுக்குப் படப்புத்தகம் வாங்கக் கடைகளில் தேடினார். எதுவும் அவர் மனத்துக்கு இசையவில்லை. வெற்று நோட்டுப் புத்தகம் ஒன்றை வாங்கி வந்து, தாமே பாட்டெழுதித் தாமே படமும் வரைந்தார். அடுத்த ஆண்டு, 1845இல், அது அச்சேறியது. பரட்டைத் தலைப் பீட்டர் என்னும் பெயரால் உலகெங்கும் பரவியது. நகமும் முடியும் வெட்டாத பையன், உணவு மேசையில் ஆடிக்கொண்டேயிருந்து விரிப்போடு பாத்திரங்களை இழுத்துத் தள்ளும் பையன், வானத்தையே பார்த்து நடந்து ஆற்றில் விழும் பையன் என்போர் அதில் வருவர். அமெரிக்க நகைச்சுவை எழுத்தாளர் மார்க் ட்வெயின் பெர்லினில் தங்கியிருந்த 1891ஆம் ஆண்டில் இதனை ஆங்கிலத்தில் ஆக்கினார் என்பதிலிருந்து அதன் புகழை உணரலாம்.

எனினும் அதில் நடுக்கம் தரும் பகுதிகளும் உண்டு. கஞ்சியை மறுத்த பையன் ஐந்தாம் நாள் இறந்துபோகின்றான். விரல் சூப்பிய பையனின் கட்டைவிரல்களைத் தையற்காரன் கத்தரியால் வெட்டிவிடுகின்றான். மிகைப்படுத்திச் சிரிக்கவைப்பதே அவர் நோக்கம் என்பாரும் உளர். பிஞ்சு உள்ளத்தைக் கலங்கச் செய்யும் என்பாரும் உளர். எம் கருத்தில் அது சிரிப்புக்கும் அச்சத்துக்கும் நடுவே நின்ற நூல். “பூச்சாண்டி வருவான்” என்று நம் வீடுகளில் சொல்வதை அவர் படம் போட்டுச் சொன்னார்.

அச்சத்தை அகற்றிச் சிரிப்பை மட்டும் நிறுத்தியவர் அமெரிக்கராகிய ஜெலட் பர்கெஸ். 1900ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட நூலில் ‘கூப்’ எனப்படும் வினோதப் பிள்ளைகள் வருகின்றனர். பந்து போன்ற தலை, விரலை நக்குவர், மேசை விரிப்பில் குழம்பைச் சிந்துவர். அவர்களை யாரும் வெட்டவில்லை, ஆற்றிலும் தள்ளவில்லை. ‘நீ கூப் ஆக இருக்க விரும்புவாயா?’ என்பதுபோல் குழந்தையை நோக்கி ஒரு பார்வை; அவ்வளவே. குழந்தை கூப்பைக் கண்டு சிரிக்கின்றது. சிரித்த அக்கணமே தான் கூப் அல்லள், அல்லன் என்று முடிவு செய்துகொள்கின்றது. தீர்ப்புச் சொல்லும் இருக்கையில் ஆசிரியரை இறக்கிவிட்டுக் குழந்தையையே ஏற்றி அமர்த்துவதுதான் இம்முறையின் நுட்பம். தான் வழங்கிய தீர்ப்பைத் தானே மீறக் குழந்தை நாணும்.

தமிழில் தோன்றிய புது ஒளி

இனி நம் நாட்டுக்கு மீள்வோம். பாரதியார் 1914இல் புதிய ஆத்திசூடி இயற்றினார். ஔவையின் அகர வரிசையை அவர் கைவிடவில்லை, பொருளை மாற்றினார். அகரத்திலேயே அச்சத்தை விரட்டினார். அடுத்த ஆண்டு, 1915இல், அவருடைய பாப்பா பாட்டு வெளிவந்தது. ஆசானின் பிரம்பு அதில் இல்லை. ஆடிப்பாடும் தந்தையின் குரலே உண்டு. கோழியையும் காக்கையையும் பசுவையும் நாயையும் காட்டி அன்பு கற்பிக்கின்றார். காலையிற் படிப்பு, மாலையில் விளையாட்டு என நாளைப் பகுக்கின்றார். பொய்யும் புறமும் ஆகா என்பவர், தீமை செய்வோரைக் கண்டால் அஞ்சி ஒதுங்கவும் கூடாது என்கின்றார். பணிவு வேறு, அச்சம் வேறு என்று பிள்ளைப் பாட்டிலேயே பிரித்துக் காட்டிய பெருமை அவருக்கே உரியது.

அடுத்து யாம் சொல்லப்போகும் பெயர் நமக்கு மிக நெருக்கமானது. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 1876ஆம் ஆண்டு தேரூரில் பிறந்தார். அக்காலத்தில் அவ்வூர் திருவிதாங்கூரைச் சேர்ந்தது. 1956 நவம்பர் முதல் நாளில்தான் அப்பகுதி குமரி மாவட்டமாகித் தமிழகத்தோடு இணைந்தது. ஆகவே பள்ளியில் அவர் பயின்ற மொழி மலையாளம். தமிழை அவர் சாந்தலிங்கத் தம்பிரானிடம் தனியே கற்றார். பெற்றோர்களே, இச்செய்தியைச் சற்றே நின்று எண்ணுங்கள்! குழந்தைப் பாட்டில் தமிழுக்குத் தனிப்பெருங் கவிஞர் எனப் போற்றப்படுபவர், நம் பிள்ளைகளைப்போலவே மலையாளப் பள்ளியில் அமர்ந்தவர். பள்ளியிற் கிடைக்காத தமிழ் பள்ளிக்கு வெளியே கிடைத்தது. தேடிக்கொடுக்க ஓர் ஆசான் இருந்தார்.

பிற்காலத்தில் அவர் நாகர்கோவிலிலும், இதே திருவனந்தபுரத்துப் பெண்கள் கல்லூரியிலும் ஆசிரியப் பணி ஆற்றி 1931இல் ஓய்வு பெற்றார். 1938இல் ‘மலரும் மாலையும்’ என்னும் அவர் கவிதைத் தொகுதி வெளிவந்தது. பசுவும் கன்றும், காக்கையும் கோழியும் அவர் பாட்டிற் புகுந்து பிள்ளைகளோடு விளையாடின. இப்படி நட என்று அவர் பெரும்பாலும் கட்டளை இடுவதில்லை. தாய்ப்பசுவும் கன்றும் கொஞ்சும் காட்சியைக் காட்டுவார். அன்பு எத்தகையது என்பதைக் குழந்தை தானே கண்டுகொள்ளும்.

அதே கவிமணி நகைச்சுவையைப் பெரியோர் மீதும் செலுத்தினார். நாஞ்சில் நாட்டில் சொத்து மகனுக்குச் செல்லாமல் மருமகனுக்குச் செல்லும் முறை அந்நாளில் இருந்தது. அதனால் மனைவியரும் மக்களும் பட்ட பாட்டை ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ என்னும் நூலில் சிரிக்கச் சிரிக்கப் பாடினார். 1917ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதழொன்றில் தொடராக அது வெளிவந்தது. நாடெங்கும் படித்து நகைத்தனர், நகைத்தவர்கள் சிந்தித்தனர். 1926இல் நாஞ்சில் நாட்டு வேளாளர்க்கு மக்கள்வழி உரிமை தரும் சட்டம் பிறந்தது. பலர் நெடுங்காலம் பாடுபட்டதன் பயன் அச்சட்டம். அவர்களுள் ஒரு புலவரின் நகைப்புக்கும் பங்கு உண்டு. ஒழுக்கம் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதன்று; பெரியோரும் சிரித்தே திருந்துவர் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

குழந்தைப் பாட்டையே வாழ்நாள் தொண்டாக ஏற்றவர் அழ. வள்ளியப்பா. 1922இல் புதுக்கோட்டைப் பகுதியிலுள்ள இராயவரத்திற் பிறந்தவர். இந்தியன் வங்கியில் பணியாற்றியவர். அவரும் நம்மைப்போல் கணக்கும் பேரேடுமாய் நாள் கழித்தவர் என்பதில் எமக்குத் தனியொரு மகிழ்ச்சி. 1944இல் 23 பாட்டுகளோடு ‘மலரும் உள்ளம்’ வெளிவந்தது. தட்டும் இலட்டும், மாம்பழமும் கடைத்தெருவும் எனக் குழந்தையின் கண்ணுக்கு எட்டிய பொருள்களே அவர் பாடுபொருள். 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் காணப் பெருமுயற்சி செய்தார். 1989இல் அவர் மறையும்வரை அத்தொண்டு ஓயவில்லை. பகலில் வங்கி, இரவில் பாட்டு என்று வாழ்ந்த அவரை நினைக்கும்போது, “நேரமில்லை” என்று சொல்ல நமக்கு நாக்கு எழவில்லை.

படமும் மெல்ல மெல்ல வந்து சேர்ந்தது. 1947 ஜூலையில் தமிழிலும் தெலுங்கிலும் தோன்றிய ‘அம்புலிமாமா’ பக்கந்தோறும் படம் தந்து பிள்ளைகளை ஈர்த்தது. அதன் மலையாளப் பதிப்பு ‘அம்பிளி அம்மாவன்’ என்னும் பெயரால் வந்தது. 1957இல் டெல்லியில் குழந்தைகள் புத்தக நிறுவனத்தைத் தோற்றுவித்த கேலிச்சித்திர மேதை சங்கர், இதே கேரளத்தின் காயங்குளத்திற் பிறந்தவர். சிரிக்கவைக்கும் கோடு வரையும் கையே சிறுவர்க்கு நூல் செய்யவும் தக்கது என்பதை அவர் மெய்ப்பித்தார்.

நமக்கு வாழ்வளிக்கும் மலையாள நாட்டின் செல்வத்தையும் சொல்லாமல் விடுதல் நன்றியன்று. வலப்பாட்டிற் பிறந்து கோழிக்கோட்டில் ஆசிரியராக இருந்த குஞ்ஞுண்ணி மாஷ் (1927–2006), இரண்டு அடி, நான்கு அடி எனக் குறும்பாட்டுகளில் பிள்ளைகளைச் சிரிக்கவும் சிந்திக்கவும் வைத்தார். திருவனந்தபுரத்தில் 1981இல் கேரள அரசு பாலசாகித்ய இன்ஸ்டிட்யூட்டை நிறுவியது. அங்குள்ள மலையாளப் படப்புத்தகங்களை நம் பிள்ளைகளுக்கு வாங்கித் தருவதில் தடை ஏதும் இல்லை. 1996 முதல் சென்னையின் தூலிகா பதிப்பகம், ஒரே கதையைத் தமிழிலும் மலையாளத்திலும் பிற மொழிகளிலும் படங்களோடு வெளியிட்டு வருகின்றது. இரு மொழிக்கு நடுவே வளரும் நம் மக்களுக்கு இத்தகைய நூல்கள் பாலம் போன்றவை.

எம் இல்லத்துப் புத்தகம்

வரலாறு இவ்வளவும் அறிந்த பின்னர் வாளா இருக்க மனம் வரவில்லை. ஹாப்மன் வெற்று நோட்டு வாங்கினார். எமக்குப் பழைய நாட்காட்டித் தாள்களின் வெள்ளைப் பின்புறம் போதுமாயிற்று. எம் மனைவியார் வண்ணப் பென்சில் தந்தார். யாம் யாப்பறியோம், ஓவியமும் அறியோம். ஆயினும் முதல் தாளில் இவ்வாறு எழுதினோம்:

குட்டி யானை பந்தியில்
கொட்டிக் கொட்டித் தின்றதாம்;
கட்டெறும்புக் கூட்டமோ
கையைத் தட்டி வந்ததாம்!

எறும்புக்குக் கை வரைந்ததைக் கண்டு மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றிரவு உணவின்போது தன் தட்டைச் சுற்றி ஒரு பருக்கையும் சிந்தாமற் பார்த்துக்கொண்டாள். யாம் சிந்திய பருக்கையைச் சுட்டி, “எறும்பு கை தட்டுது அப்பா!” என்றாள். தமிழ் திரும்பி வந்தது.

இரண்டாம் தாளில், நெஞ்சில் முள்ளாய் இருந்த அச்செய்தியையே எடுத்துக்கொண்டோம்:

வாலை மறந்த குரங்கொன்று
மரத்தில் தாவி விழுந்ததாம்;
‘ஆரை’ மறந்த வாய்ச்சொல்லும்
அதுபோல் தரையில் விழுந்ததாம்!

யாம் வரைந்த குரங்கு பூனையைப்போல் இருந்தது. அதற்கும் ஒரு சிரிப்பு. பிறகு ‘ஆர்’ என்றால் என்ன என்று அவளே கேட்டாள். சொல்லின் வால் அது என்றோம். தாத்தா வந்தார், பாட்டி வந்தார், ஆசிரியர் வந்தார் என்று வால் ஒட்டி விளையாடினோம். இலக்கணம் என்னும் சொல்லை ஒருமுறையும் உச்சரிக்கவில்லை.

இங்குத்தான் யாம் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. ஒரு நாள் காலை, நம் தெருவில் குப்பை எடுக்க வருபவரைக் குறித்து, “அவன் வந்தானா?” என்று யாம் மனைவியாரைக் கேட்டோம். பக்கத்தில் பல் துலக்கிக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்து, “அப்பா, வால் கீழே விழுந்துவிட்டது!” என்றாள். எமக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது நாணினோம். அவர் எம்மினும் பத்து வயதேனும் மூத்தவர். பல ஆண்டாக நம் தெருவைத் தூய்மை செய்பவர். தந்தையார்க்குரிய ‘ஆர்’ விழுந்தபோது குழந்தையை அதட்டிய யாம், அம்மனிதர்க்குரிய ‘ஆர்’ எத்தனை ஆண்டாக எம் வாயிலிருந்து விழுந்துகொண்டிருந்தது என்பதை எண்ணியதே இல்லை. குழந்தைக்குக் கற்பிக்க எழுதிய பாட்டு எம்மைத் திருத்தியது. அன்று முதல் எம் இல்லத்தில் அவரும் ‘வந்தார்’.

பொங்கலுக்கு அம்பாசமுத்திரம் சென்றபோது நாட்காட்டித் தாள்களை நூலாற் கட்டி மகளே எடுத்து வந்தாள். தாத்தாவின் மடியில் அமர்ந்து ஒவ்வொரு தாளாகப் படம் காட்டிப் பாடினாள். பூனைக் குரங்கைக் கண்டு தந்தையார் வாய்விட்டு நகைத்தார். “அம்மா, தாத்தா சிரித்தார்!” என்று அவள் அடுக்களை நோக்கிக் கூவினாள். அந்த ‘ஆர்’ தெருமுனைவரை கேட்டிருக்கும்.

அன்பர்க்கு ஒரு வேண்டுகோள்

இருப்புப்பாதை 1918இல் கொல்லத்திலிருந்து திருவனந்தபுரம் வந்தது. 1963இல் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் வானேறியது. 1990இல் கழக்கூட்டத்தில் டெக்னோபார்க் பிறந்தது. வண்டியோடும் விண்ணோடும் கணிப்பொறியோடும் பணியாற்றத் தமிழ்க் குடும்பங்கள் இங்கு வந்துகொண்டேயிருக்கின்றன. பொருள் தேடி வந்த நாம் அதனை ஒருவாறு தேடிக்கொண்டோம். மக்களுக்கு எந்தத் தமிழை விட்டுச்செல்கின்றோம்? எழுத்தறியாத பிள்ளைக்குத் தடித்த நூல்களைக் கொடுத்துப் பயனில்லை. நான்கு அடிப் பாட்டு ஒன்றும் படம் ஒன்றும் போதும். காதுவழி புகுந்த பாட்டு பின்னர்க் கண்ணை எழுத்தின்பால் இழுத்துச் செல்லும்.

ஆதலின் எம் வேண்டுகோள் இது: அடுத்த ஆண்டு விழாவுக்குள் ஒவ்வொரு குடும்பமும் ஒரே ஒரு தாள் எழுதித் தருக. வரிசையில் நிற்பது, நன்றி சொல்வது, தண்ணீர்க் குழாயை மூடுவது, வீட்டுக்கு வந்தவரை “வாருங்கள்” என்பது என எதுவும் பாடுபொருள் ஆகலாம். அதட்டல் வேண்டாம், சிரிப்பு இருக்கட்டும். தந்தை எழுத, தாய் திருத்த, பிள்ளை வண்ணம் தீட்டட்டும். படம் கோணலாயினும் குறையில்லை. எம் குரங்கினும் கோணலாக எவரும் வரைந்துவிட முடியாது. தாள்களைச் சேர்த்துத் தைத்தால் நம் சங்கத்துக்கென ஒரு பிள்ளைப் பாட்டு நூல் உருவாகும். மலையாளம் பேசும் அண்டை வீட்டுப் பிள்ளைகளும் அதனைக் கேட்டுச் சிரிக்கட்டும்.

ஔவை மணலில் விதைத்ததைப் பாரதியும் கவிமணியும் வள்ளியப்பாவும் நீரூற்றி வளர்த்தனர். அதன் கிளையொன்று நம் காலனியின் முற்றத்திலும் தழைப்பதாக. வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!